பிரித்து எழுதுக



இது கொஞ்சம் நீளமான பதிவு. தறிச் சத்தத்துக்கு நடுவே படிக்க வேண்டாம். சாயங்காலம் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். கடைசிப் பகுதியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் பஞ்சோடும் நூலோடும் பிழைக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அது வேண்டும்.

பொங்கல் லீவுக்குப் பெங்களூரிலிருந்து மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு. பையிலிருந்து ஒரு ஸ்கிராபிள் அட்டையை எடுத்து, "அம்மாயி, நீங்க டீச்சர்தானே, வாங்க ஒரு ஆட்டம்" என்றாள். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீளவாக்கில் 15, அகலவாக்கில் 15 என்று மொத்தம் 225 கட்டம். நூறு சின்ன வில்லைகள். 98இல் ஆங்கில எழுத்து இருக்கும், இரண்டு வெற்று. ஒவ்வொருவர் கையிலும் ஏழு வில்லை. அவற்றைக் கொண்டு குறுக்கெழுத்து மாதிரி சொல் கட்ட வேண்டும். எழுத்துக்கு எழுத்து மதிப்பெண் உண்டு. இ-க்கு ஒன்று, க்யூ-வுக்குப் பத்து.

ஆட்டத்தின் நடுவில் பேத்தி சி, யு, டி என்று மூன்று எழுத்தை வைத்தாள். 'கட்'. வெட்டு என்று பொருள். என் கையில் ஏ, என், ஐ இருந்தன. மூன்றையும் அதற்கு முன்னால் கொண்டுபோய் ஒட்டினேன். 'அனிகட்'.

"அம்மாயி, இப்படி ஒரு வார்த்தையே கிடையாது. ஏமாத்தறீங்க."

"போன்ல பாரு கண்ணு."

பார்த்தாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இருக்குது அம்மாயி. ஆத்துக்குக் குறுக்கே கட்டற அணையாம். தமிழ்லருந்து வந்ததுன்னு போட்டிருக்கு" என்றாள். எனக்குக் கிடைத்தது எட்டே மதிப்பெண். ஆனால் அடுத்து அவள் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "அணைன்னா தண்ணியைத் தடுக்கறது. அப்புறம் எதுக்கு 'கட்'னு வருது? எதை வெட்டறாங்க?"

எதையும் வெட்டவில்லை. அது 'கட்டு'. அணை + கட்டு = அணைக்கட்டு. ஆங்கிலம் மட்டும் படித்த கண்ணுக்கு அதில் வெட்டுவது தெரிகிறது. நமக்குக் கட்டுவது தெரிகிறது. ஒரே மூன்றெழுத்து, நேர் எதிரான பொருள்.

என்னிடம் படித்த எல்லோருக்கும் தமிழ்த் தேர்வில் 'பிரித்து எழுதுக' என்று ஒரு கேள்வி வரும், நினைவிருக்கிறதா? யார் தோற்றாலும் அந்தக் கேள்வியில் மதிப்பெண் வாங்கிவிடுவீர்கள். நீண்ட ஆங்கிலச் சொல்லைப் பார்த்தால் பயந்து கண்ணை மூடிக்கொள்ளும் நம் பிள்ளைகளிடம் அதற்கான சாவி ஏற்கனவே இருக்கிறது. இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கு அது அறுபது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

முதலில் அந்த அனிகட்டின் கதை.

நம் ஊர்ப் பாலத்தில் நின்று அக்கரையைப் பார்த்தால் பவானி கூடுதுறை. அங்கே காவிரியில் வந்து சேருகிற பவானி ஆற்றின் குறுக்கே, சேருமிடத்துக்குச் சற்று முன்னால், காலிங்கராயன் அணைக்கட்டு. 13ஆம் நூற்றாண்டு வேலை. அங்கிருந்து புறப்படும் வாய்க்கால் கொடுமுடிப் பக்கம் நொய்யல் வரை போகிறது. அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது, கீழே திருச்சிக்குப் பக்கத்தில் கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை. வெள்ளைக்காரப் பொறியாளர்கள் வந்து பார்த்தபோது அவர்களுக்கு ஆச்சரியம் கற்களைப் பார்த்து அல்ல. அடியில் பாறை இல்லாத வெறும் ஆற்று மணலில் இது எப்படி நிற்கிறது என்பதுதான். ஆர்தர் காட்டன் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டுதான் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். தொழில் நுணுக்கத்தோடு சொல்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். கல்லணை 'கிராண்ட் அனிகட்' ஆயிற்று. மேலணை 'அப்பர் அனிகட்'. பிறகு காட்டன் கோதாவரிக்குப் போய்த் தவளேஸ்வரத்தில் அணை கட்டினார், அங்கும் அனிகட். இன்றைக்கு ராஜஸ்தானில் ஓடைக்குக் குறுக்கே சின்னத் தடுப்பணை கட்டினாலும் அரசாங்கக் காகிதத்தில் அதற்குப் பெயர் அனிகட். இலங்கையின் நீர்ப்பாசனத் துறையிலும் அதே பெயர்தான்.

சொல் தனியாகப் பயணம் போவதில்லை. ஒரு வேலையைத் தோளில் சுமந்துகொண்டுதான் போகிறது.

அடுத்தது 'கேட்டமரன்'. ஒன்பது எழுத்து. கட்டு + மரம். மரங்களைக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம், அவ்வளவுதான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி உலகைச் சுற்றி வந்து 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் பார்த்த இந்த மிதவையைப் பற்றி எழுதினார். அது முதல் ஆங்கிலத்தில் இந்தச் சொல் நிலைத்துவிட்டது. 1876இல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்ற படகு வடிவமைப்பாளர் இரட்டை உடல் கொண்ட ஒரு பாய்மரப் படகைச் செய்து நியூயார்க் பந்தயத்தில் எல்லோரையும் முந்தினார். அந்த வகைப் படகுக்கும் நம் மீனவர்களின் பெயரே கிடைத்தது. இன்று கேட்டமரன் என்றால் உலகம் நினைப்பது பணக்காரர்களின் உல்லாசப் படகை. அதில் கயிற்றுக் கட்டும் இல்லை, மரமும் இல்லை.

இந்தச் சொல்லை எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றது. காரணம் சொல்கிறேன்.

1990வாக்கில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஆங்கிலப் பாடத்தில் இந்தச் சொல் வந்தது. சொல்வதை எழுதச் சொன்னேன். ஒரு பையன் கே, ஏ, டி, டி, யு, எம், ஏ, ஆர், ஏ, எம் என்று எழுதியிருந்தான். அதாவது 'கட்டுமரம்' என்பதையே ஆங்கில எழுத்தில். சிவப்பு மையால் அடித்து, நூறு தடவை எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். எழுத்துப் பிழை பிழைதான், தேர்வில் மதிப்பெண் கிடைக்காது. ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது வகுப்பில் அவனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. எனக்கே அன்று தெரியாது. சபாஷ் என்று சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலேயர் எப்படி எழுதுகிறார்கள் என்று காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. அடுத்த வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் தார் சுற்றப் போய்விட்டான். அதற்கு வீட்டு நிலைமையும் காரணம், நான் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கும் அதில் பங்கு உண்டு.

சரி, தொடர்வோம்.

'மல்லிகட்டானி' என்று ஒரு சொல். 12 எழுத்து. ஆங்கிலேயர் விருந்துகளில் பெரிய பெயர் வாங்கிய சூப். பிரித்து எழுதினால் மிளகு + தண்ணீர். காய்ச்சலுக்கு நம் வீட்டில் வைக்கிற மிளகுத் தண்ணிதான். அவர்கள் கறியும் ஆப்பிளும் மசாலாத் தூளும் போட்டு ஆளே அடையாளம் தெரியாமல் செய்துவிட்டார்கள். மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளை, வங்காளத்திலும் பம்பாயிலும் இருந்தவர்கள் இந்தச் சூப்பை வைத்து 'மல்' என்று கேலிப் பெயரிட்டு அழைத்தார்களாம்.

'சிரூட்' நம் சுருட்டு. திருச்சி சுருட்டு அவ்வளவு பிரபலம். 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்து இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். 'கறி' உலகம் முழுக்கத் தெரியும்.

'கொரண்டம்' என்ற எட்டெழுத்துச் சொல் பலருக்குத் தெரியாது. அது நம் 'குருந்தம்' என்ற கல். மாணிக்கமும் நீலமும் இந்தக் கல்லின் வகைகள்தான். வைரத்துக்கு அடுத்த கடினம். மோஸ் என்பவர் 1812இல் வகுத்த கடின அளவையில் வைரம் 10, குருந்தம் 9. சாணைக்கல்லுக்கு இதைத்தான் பொடி செய்வார்கள். சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் 1798இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இதில் நமக்கு என்ன? நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி குருந்தக்கல்லுக்குப் பேர்போன இடம். அதே சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்துத்தான் சந்திரயான்-2 வண்டியை ஓட்டிப் பார்க்க இஸ்ரோ 'நிலவு மண்' தயாரித்தது. பரமத்தி வேலூர்ப் பக்கம் சொந்தம் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

'மெட்ராஸ்' என்பதும் அகராதியில் ஒரு பொதுச்சொல். பெரிய எழுத்து வேண்டாம், ஊர்ப் பெயர் அல்ல, கட்டம் போட்ட பருத்தித் துணி என்று பொருள். 1960களில் அமெரிக்காவில் இந்தத் துணிக்கு ஒரு பைத்தியமே பிடித்தது. முதல் சலவையிலேயே சாயம் போயிற்று. நம் ஊராக இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பி, பட்டறைக்காரர் தலையில் கட்டியிருப்பார்கள். அங்கே, ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும் அதிசயத் துணி என்று விளம்பரம் செய்தே விற்றார்கள். சாயம் போவதே சிறப்பு ஆகிவிட்டது!

எல்லாச் சொல்லும் பெருமைப்படுகிற மாதிரி இல்லை. 'பரையா' என்ற ஆறெழுத்துச் சொல்லும் தமிழிலிருந்து போனதுதான். பறை கொட்டியவர்களின் பெயர். ஒரு மக்களின் பெயரை எடுத்து, எல்லோராலும் ஒதுக்கப்பட்டவன் என்று ஆங்கிலத்தில் பொருள் வைத்துவிட்டார்கள். இன்றும் பெரிய பத்திரிகைகள் ஒரு நாட்டைத் திட்டவேண்டுமானால் சர்வசாதாரணமாக இதை எழுதுகின்றன. வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஒதுக்குவதை அவன் இங்கே பார்த்தான், பார்த்ததை எழுதிக்கொண்டு போனான். ஸ்கிராபிள் சொற்பட்டியலிலிருந்து 2021இல் சுமார் 400 வசைச் சொற்களை நீக்கினார்கள். ஆனால் இந்தச் சொல் அகராதிகளில் அப்படியே இருக்கிறது. எத்தனை மதிப்பெண் கிடைத்தாலும் இதை நான் பலகையில் வைக்க மாட்டேன். பேத்தியிடம் காரணத்தைச் சொன்னேன், அவளும் வைக்க மாட்டேன் என்றாள்.

இந்தச் சொற்களையெல்லாம் தேடித் தொகுத்தவர்கள் யார்? ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் என்ற இருவர். 1886இல் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற பெரிய அகராதி அவர்கள் பெயரில் வந்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். புத்தகம் வெளிவருவதைப் பார்க்காமல் 1882லேயே இறந்துவிட்டார். அந்தத் தலைப்பே ஒரு வேடிக்கை. மொகரத்தில் முஸ்லிம்கள் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுவதை ஆங்கிலச் சிப்பாய்களின் காது அப்படிக் கேட்டது. பிரிக்கத் தெரியாமல் சேர்த்துக் கேட்டால் இதுதான் கதி.

இன்னொரு கதையும் உண்டு. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி தெரியுமல்லவா? 1857இல் யோசனை தொடங்கி, 1884இல் முதல் பகுதி வந்து, 1928இல்தான் முடிந்தது. ஜேம்ஸ் மரே என்ற ஆசிரியர் பொதுமக்களிடம், புத்தகங்களைப் படித்துச் சொற்களின் பயன்பாட்டைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் சீட்டு எழுதி அனுப்பியவர்களில் ஒருவர் வில்லியம் மைனர் என்ற அமெரிக்க மருத்துவர். மனநோயின் வேகத்தில் 1872இல் லண்டனில் ஓர் ஏழைத் தொழிலாளியைச் சுட்டுக் கொன்று, பிராட்மூர் காப்பகத்தில் அடைக்கப்பட்டவர். அந்த அறையில் உட்கார்ந்துதான் சொற்களைச் சேகரித்தார்.

இந்த மைனர் எங்கே பிறந்தார் தெரியுமா? 1834இல் இலங்கையில். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்தியவர். சந்திரசேகரப் பண்டிதர் உள்ளிட்டோரின் உழைப்பில், 58,000க்கும் மேற்பட்ட சொற்களோடு 1842இல் வந்ததே மானிப்பாய் அகராதி, அது அச்சானது அந்த அச்சகத்தில்தான். அப்போது மைனருக்கு எட்டு வயது. தமிழ் அகராதிக்கு எழுத்துக் கோத்த அச்சகத்தின் நிழலில் வளர்ந்த பிள்ளை, பின்னாளில் ஆங்கில அகராதிக்குச் சீட்டு எழுதினான். அகராதி என்றால் ஏதோ ஆகாயத்திலிருந்து விழுந்தது என்று நினைக்காதீர்கள். இப்படிப்பட்ட மனிதர்கள் ஒவ்வொரு சீட்டாக எழுதிச் சேர்த்ததுதான்.

இனி, நீங்கள் பயப்படும் பூதங்களுக்கு வருவோம்.

ஸ்கிராபிளில் 15 எழுத்துக்கு மேல் கட்ட முடியாது, கட்டம் போதாது. ஆனால் நீண்ட சொல் மேல் ஆங்கிலேயருக்கும் ஆசை உண்டு. ஷேக்ஸ்பியர் ஒரு நாடகத்தில் 27 எழுத்துச் சொல் ஒன்றை வைத்தார், 'ஹானரிஃபிகாபிலிட்யூடினிடாடிபஸ்'. எழுதிப் பார்த்தால் ஒரு மெய், ஒரு உயிர் என்று மாறி மாறியே வரும்.

28 எழுத்தில் 'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்'. பயப்படாமல் பிரித்து எழுதுங்கள். நடுவில் இருப்பது 'எஸ்டாப்ளிஷ்', நிறுவுதல். முன்னால் 'டிஸ்' போட்டால் நிறுவியதை நீக்குதல். அதற்கும் முன்னால் 'ஆன்டி', நீக்குவதை எதிர்த்தல். பின்னால் வருபவை விகுதிகள். இங்கிலாந்தில் சர்ச்சுக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள பிணைப்பை நீக்கக் கூடாது என்று 19ஆம் நூற்றாண்டில் வாதாடியவர்களின் கொள்கை. பகுதி, விகுதி, இடைநிலை என்று தமிழில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தோமே, அதே வேலை.

45 எழுத்தில் ஒன்று இருக்கிறது. 'நியூமோனோ அல்ட்ரா மைக்ராஸ்கோபிக் சிலிகோ வால்கேனோ கோனியோசிஸ்'. சேர்த்து ஒரே சொல்லாக எழுத வேண்டும். நுரையீரல் + மிக + நுண்ணிய + சிலிக்கா + எரிமலை + தூசு நோய். எரிமலைத் தூசு நெஞ்சில் படிந்து வரும் நோய். இதை எந்த டாக்டரும் உண்டாக்கவில்லை. 1935இல் அமெரிக்காவின் புதிர்ப் பிரியர்கள் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித், மிக நீளமான சொல் ஒன்று வேண்டும் என்று வேடிக்கைக்குக் கட்டினார். அகராதிக்காரர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

29 எழுத்தில் 'ஃபிளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்'. 2018இல் சசி தரூர் தன் புத்தகத்தை அறிமுகப்படுத்தும்போது இதை எடுத்துவிட, நம் ஆட்கள் வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் சிரித்தார்கள். ஒன்றை மதிப்பே இல்லாதது என்று ஒதுக்கித் தள்ளுதல் என்று பொருள். லத்தீனில் அற்பம் என்று பொருள் தரும் நான்கு சொற்களை வரிசையாகக் கோத்திருக்கிறார்கள். அதில் முதல் சொல் 'ஃபிளாக்கஸ்'. அதற்கு என்ன பொருள் தெரியுமா? கம்பளிப் பிசிறு. நாம் தறிக்கு அடியில் தினமும் பெருக்கித் தள்ளுகிறோமே, அந்த மாதிரிப் பிசிறு.

பிசிறு அற்பமானது என்று ரோமாபுரிக்காரன் நினைத்தான். நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

கடைசிப் பகுதியை விடாதீர்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான்.

சில மாதம் முன்பு என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. அவள் அம்மா ஒரு நூற்பாலையில் 27 வருடம் வேலை பார்த்தவர். மூச்சிரைப்பு. டாக்டர் ஏதோ சொன்னாராம், கூட்டத்தில் சரியாகக் காதில் விழவில்லை. சீட்டில் ஒரு நீளச் சொல். அதைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

"ஏனுங்க டீச்சர், இது கேன்சருங்களா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். பி, ஒய், எஸ், எஸ், ஐ, என், ஓ, எஸ், ஐ, எஸ். 'பிஸ்ஸினோசிஸ்'. பிரித்தேன். 'பிஸ்ஸஸ்' என்றால் கிரேக்கத்தில் மெல்லிய நூல்துணி. கடைசியில் வரும் 'ஓசிஸ்' நோயைக் குறிக்கும் விகுதி. பஞ்சுத் தூசால் நுரையீரலில் வருகிற நோய். "கேன்சர் இல்லை கண்ணு. ஆனா சாதாரணமும் இல்லை. நான் டாக்டர் இல்லை, திரும்பப் போய் உக்காந்து கேளு" என்றேன்.

அந்த நோய்க்கு ஓர் அடையாளம் உண்டு. ஆரம்பத்தில் திங்கட்கிழமை மட்டும்தான் நெஞ்சு இறுகும். ஞாயிறு விடுமுறையில் தூசு படாமல் இருந்துவிட்டு மறுநாள் ஆலைக்குள் போனதும் மூச்சு முட்டும். செவ்வாய், புதன் ஆனால் குறைந்த மாதிரி இருக்கும். இதைச் சொன்னதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். "திங்கக்கிழமை ஆனா நெஞ்சு அடைக்குதுன்னு அம்மா வருசக்கணக்கா சொல்லிச்சுங்க டீச்சர். வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம்னு நாங்க எல்லாருமே கேலி பண்ணோம்."

அந்த அம்மாவின் பத்து வருடப் பேச்சை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. ஒரே ஒரு கிரேக்கச் சொல் நம்ப வைத்தது.

இன்னும் ஒரு விஷயம். இந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், வேலையால் வரும் நோய்களின் பட்டியலில் பின்னாளில் பஞ்சுத் தூசு நோயும் சேர்க்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையிலும் இருந்தது. அதாவது, ஆலையில் கை துண்டானால் இழப்பீடு கேட்கிற மாதிரி, நெஞ்சில் பஞ்சு படிந்தாலும் கேட்க உரிமை இருக்கிறது. ஆனால் சும்மா 'மூச்சிரைப்பு' என்று எழுதினால் அது எல்லோருக்கும் வருகிற வியாதி. இந்தப் பெயரை டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் வேலையால் வந்தது என்று பேச முடியும். அந்தக் குடும்பம் மனுக் கொடுத்திருக்கிறது. இன்னும் முடிவு வரவில்லை. வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

ஸ்கிராபிள் ஆடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 'பிஸ்ஸினோசிஸ்' எழுத்தில் பத்து, மதிப்பெண்ணில் 15. அதில் எஸ் நான்கு தடவை வருகிறது. பெட்டியில் இருப்பதே நான்கு எஸ்தான். யாராலும் சுலபமாகக் கட்ட முடியாத சொல். நம் ஊரில் எத்தனை வீட்டில் அது கட்டில் போட்டுப் படுத்திருக்கிறதோ.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான். உங்கள் பிள்ளைகள் நீளமான சொல்லைப் பார்த்து மிரண்டால் நூறு தடவை எழுதச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் என்ன ஒட்டியிருக்கிறது, பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது, நடுவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேளுங்கள். டாக்டர் சீட்டு, பேங்க் காகிதம், கோர்ட்டு நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். புரியவில்லை என்றால் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

விளையாட்டாகவும் செய்யலாம். எந்த எழுத்தும் இரண்டாம் முறை வராத 15 எழுத்துச் சொல் ஒன்று இருக்கிறது, 'அன்காப்பிரைட்டபிள்'. அன் + காப்பி + ரைட் + ஏபிள் என்று பிரித்தால் பொருள் தானே வரும். க்யூ-வுக்குப் பின்னால் யு வராத சொல் வேண்டுமா? நம் 'கவ்வாலி' ஏழெழுத்து. கையில் உள்ள ஏழையும் ஒரே தடவையில் வைத்தால் 50 மதிப்பெண் கூடுதல். 2007இல் மும்பையில் நடந்த உலக ஸ்கிராபிள் போட்டியில் இறுதிச் சுற்று வரை போய் நைஜல் ரிச்சர்ட்ஸிடம் தோற்றவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். ஆசீர்வாதம் என்ற பெயர் உள்ளவர் அந்த மேடை வரை போயிருக்கும்போது, குமாரபாளையத்துப் பிள்ளைகள் ஏன் போகக் கூடாது?

ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தக் கட்டுமரப் பையன் இன்று இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் ஒருவன். பெயர் சொல்ல மாட்டேன். சொந்தமாகத் தறி போட்டு, இரண்டு பிள்ளைகளைக் காலேஜ் அனுப்பியிருக்கிறான். பண்டிகை தவறாமல் எனக்கு வணக்கம் அனுப்புகிறான். அன்று நடந்தது அவனுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. தம்பி, அன்று நீ எழுதியதுதான் மூலம். அகராதியில் இருப்பது அதன் நகல். நூறு தடவை எழுத வைத்ததற்கு இந்த டீச்சரை மன்னித்துவிடு.

மற்றவர்கள், உங்கள் வீட்டில் யாருக்காவது திங்கட்கிழமை மட்டும் நெஞ்சு இறுகுகிறதா என்று இன்று கேளுங்கள். அது சோம்பேறித்தனம் என்று நினைக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
குமாரபாளையம்